அப்பாயி வீட்டு நீலப்பூ பீங்கான் தொட்டியில ஓட்டை போடலாமா?

மாயவரத்துக்காரி:
வணக்கம். தரங்கம்பாடி பக்கத்துல எங்க அப்பாயி வீட்டை பிரிச்சப்போ கொல்லைல விறகுக்குப் பின்னாடி வெள்ளைல நீலப்பூ போட்ட பீங்கான் தொட்டி ஒண்ணு கெடச்சுது. பாலம், வளைஞ்ச மரம், மேல ரெண்டு பறவைன்னு அவ்ளோ அழகு, அடில நீலத்துல மேட் இன் இங்கிலாண்ட்னு சின்னதா இருக்கு. அப்பாயி அதுல கல்லுப்பு கொட்டி வச்சிருந்தாங்கன்னு அத்தை சொல்றாங்க. முத்தத்துல வச்சு குண்டுமல்லி நடணும்னு ஆசை, ஆனா அடில ஓட்டை இல்ல, டைல்ஸ் போடுற தம்பி டிரில் போட்டுத் தரேங்குறார். போடலாமா? டேனிஷ்காரங்க காலத்து சாமானா இது?

கொள்ளிடக்கரை:
டிரில் மட்டும் வேண்டாம்மா, கெஞ்சிக் கேக்குறேன். நீங்க சொல்ற டிசைன் பேரு வில்லோ பேட்டர்ன், பாத்தா சீனா மாதிரி இருக்கும் ஆனா 1790 வாக்குல இங்கிலாந்துல உருவானது. தாமிரத் தகட்டுல செதுக்கி, நீல மையைத் தாள்ல எடுத்து, அந்தத் தாளை தொட்டி மேல ஒட்டுவாங்க. வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க, எங்கயாவது படம் சரியா சேராம ஒரு ஒட்டு தெரியும். கையால வரைஞ்ச சீனத் தொட்டின்னா ஒரே கோட்டுலயே நீலம் ஒரு எடத்துல அடர்த்தியா ஒரு எடத்துல வெளிறி இருக்கும். டேனிஷ்காரங்க 1845லயே ஊரை இங்கிலீஷ்காரங்களுக்கு வித்துட்டாங்க, மேட் இன்னு எழுத்து இருந்தா பெரும்பாலும் 1900க்கு அப்புறந்தான். அதனால மதிப்பு கொறஞ்சுதுன்னு நெனைக்காதீங்க.

எனக்கு கவலையே அந்த உப்புதான். இது அசல் போர்சலினா இல்லாம மண்பாண்ட வகையா இருந்தா, மேல பளபளப்புல முடி மாதிரி விரிசல் இருந்து உள்ள உப்பு எறங்கியிருந்தா, காஞ்சு காஞ்சு பூத்து அந்தப் பளபளப்பையே செதில் செதிலா பேத்துடும். நல்ல தண்ணில முக்கி வச்சு தெனம் தண்ணி மாத்துங்க, ஒரு ரெண்டு வாரமாவது. உங்க பக்கம் போர் தண்ணி உப்பு கரிக்கும், மழைத்தண்ணி புடிச்சு வச்சிருந்தா அதுதான் நல்லது.

செடிய பிளாஸ்டிக் தொட்டில நட்டு உள்ள எறக்கி வைங்க, அடில ஒரு செங்கல் துண்டு போட்டா வேர் தண்ணில நிக்காது.

தரங்கை:
எங்க ஊர் தொட்டியா! சின்ன வயசுல கோட்டைக்குக் கீழ கடல் வாங்குனதும் நீலக்கோடு போட்ட ஓட்டுத் துண்டு பொறுக்கி டப்பால சேத்து வச்சிருக்கேன், முழுசா ஒண்ணு கையில இருக்குறது பெரிய பாக்கியம்ங்க, குடுத்துடாதீங்க.

மாயவரத்துக்காரி:
ரொம்ப நன்றி அண்ணே. ஒட்டு தெரியுது, கைப்பிடிக்குப் பக்கத்துல ஒரு பறவைக்கு வாலே பாதிதான்! தம்பிக்கிட்ட டிரில் வேண்டாம்னு சொல்லிட்டேன். அண்டால மழைத்தண்ணி ஊத்தி முக்கியாச்சு.