டரன்டுலா சிலந்தியின் முட்டைப்பை: தாயிடமிருந்து எடுத்தீர்களா, அவளிடமே விட்டீர்களா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

குழிவாசி:

ஒன்பதாம் நாள் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன், முட்டைப்பையைக் காணோம். முந்தின நாள்வரை பிங்பாங் பந்தைவிடக் கொஞ்சம் சின்னதாக, வெள்ளையாக, காலுக்கடியில் அணைத்து வைத்திருந்தாள். இப்போது அதே இடத்தில் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். சுருங்கிப்போயிருந்த வயிறு மறுபடி உருண்டிருந்தது. குழி ஓரத்தில் கசங்கிய நூல்துணி மாதிரி ஒரு துண்டு கிடந்தது. முட்டை எல்லாம் அவள் வயிற்றுக்குள் போய்விட்டது.

சுருள்முடி டரன்டுலா. விரல்நக அளவில் வந்தவள், இப்போது எட்டு வயது. உரித்த தோலைத் தண்ணீரில் ஊறவைத்து விரித்து, உள்பக்கம் விந்துப்பை இருப்பதைப் பார்த்துத்தான் பெண் என்று உறுதி செய்திருந்தேன். மாப்பிள்ளை இரவல், ஒரு நண்பர் கொடுத்தார். கடைசித் தோலை உரித்து முன்னங்காலில் கொக்கி வந்த ஆண். தன் டப்பாவில் சின்ன வலை பின்னி, அதில் ஒரு துளி விந்து விட்டு, அதை உணர்கை (வாயருகே குட்டிக் கால் மாதிரி இருப்பது) நுனியில் உறிஞ்சி நிரப்பிக்கொண்டதை நண்பர் கண்ணால் பார்த்திருந்தார். அது நடக்காமல் சேர்த்தால் வெற்றுத் துப்பாக்கிதான்.

சேர்க்கை நடந்த விதம் மட்டும் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அவன் குழிவாசலில் நின்று காலால் தட்டினான். மேசையில் நகத்தால் தட்டுகிற மாதிரி சத்தம், காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்கும். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம் உள்ளேயிருந்து தட் தட் என்று வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவள் வெளியே வந்து பற்களை விரித்தாள். அவன் கொக்கி இரண்டையும் அந்தப் பற்களில் மாட்டி, அவளை அண்ணாந்து பார்க்கிற மாதிரி மேலே தள்ளினான். அந்தக் கொக்கி எதற்கு என்று படித்திருந்தேன், பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பிறகு அவன் பின்னாலேயே நகர்ந்து ஓட்டம் எடுத்தான். நடுவே நுழைக்க அட்டைத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நான்தான் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நாலு மாசம். போட்டதையெல்லாம் தின்றாள், திடீரென நிறுத்தினாள், குழிவாயை மண்ணும் நூலும் வைத்து அடைத்தாள். முட்டைப்பை வந்தது. அங்கேதான் என் புத்தி கெட்டது. தினமும் மூடியைத் திறந்தேன். தொட்டிலில் தூங்குகிற பிள்ளையை எழுப்பி எழுப்பிப் பார்க்கிற சித்தப்பா மாதிரி.

அடுத்த முறைக்காகக் கேட்கிறேன். எத்தனையாவது நாள் எடுத்தீர்கள், எடுத்தபின் என்ன ஆனது? புத்தகத்தில் இருப்பது எனக்கும் தெரியும், உங்கள் கையில் நடந்ததைச் சொல்லுங்கள்.

நூல்கண்டு:

தம்பி, மனசை விட்டுவிடாதே. முதல் முட்டைப்பையைத் தின்னாத பெண்ணை நான் ரொம்பப் பார்த்ததில்லை. பதற்றம் வந்தால் தின்பாள், கரு கூடாத முட்டை என்றாலும் தின்பாள். உன் டார்ச்சுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது.

நான் எடுப்பவள். என்னுடையது சிவப்பு முழங்கால் டரன்டுலா, 30-ஆம் நாள் எடுத்தேன். ரொம்ப முன்னால் எடுத்தால் உள்ளே வெறும் முட்டை, கொஞ்சம் அழுத்தினாலும் உடையும். 30-ஐ ஒட்டி எடுத்தால் பெரும்பாலும் கால் முளைத்திருக்கும்.

கையுறை, முகக்கவசம், கண்ணாடி மூன்றும் போட்டுக்கொண்டேன். நீளச் சாமணத்தால் முட்டைப்பையின் ஓரத்தை மெல்லப் பிடித்து இழுத்தால், அவள் அந்தப் பக்கம் இழுக்கிறாள்! எட்டுக் காலையும் பூட்டிக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறாள். ஒரு டம்ளரை அவள் முன்பக்கமாகக் கவிழ்த்து நெருக்கிய பிறகுதான் பிடி தளர்ந்தது. அதன்பின் இரண்டு ராத்திரி பெட்டி முழுக்கத் தேடினாள். மூன்றாம் நாள் பார்த்தால் தேங்காய் நார்த்தூள் உருண்டை ஒன்றைக் காலுக்கடியில் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சிலந்திக்கு மனசு உண்டா இல்லையா என்று வாதாட நான் வரவில்லை, ஆனால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முட்டைப்பையை நகவெட்டிக் கத்தரியால் விளிம்போரம் வெட்டினேன். வெளியே துணி மாதிரி கெட்டி, உள்ளே பஞ்சு. உள்ளே மஞ்சள் வெள்ளையில் 412. முட்டையிலேயே குட்டிக்குட்டிக் கால் ஒட்டவைத்த மாதிரி, நடக்கத் தெரியாமல் நெளிகிற கூட்டம். முப்பதுக்கு மேல் பழுப்பாகச் சுருங்கியிருந்தன. அதையெல்லாம் ஈரப் பிரஷ்ஷால் ஒன்றொன்றாகப் பொறுக்கினேன். கெட்டதை அங்கேயே விட்டால் பூஞ்சணம் பக்கத்து முட்டைக்குத் தாவும், சின்ன ஈக்களும் மோப்பம் பிடித்து வரும்.

இன்குபேட்டர் என்று பெரிதாக ஒன்றுமில்லை. மூடி போட்ட பெரிய டப்பா, அடியில் இரண்டு விரற்கடைத் தண்ணீர், நடுவில் கண்ணாடி டம்ளர். டம்ளர் வாயில் பழைய நைலான் காலுறையை இழுத்துக் கட்டி, லேசாகத் தொய்வு விட்டேன். ஏணை மாதிரி. முட்டை எல்லாம் அதன்மேல். 26, 27 டிகிரி. மூடியின் உட்பக்கம் நீர் கோத்து முட்டைமேல் சொட்டினதில் இரண்டாம் நாளே ஏழெட்டுப் போச்சு. பிறகு மூடிக்கு உள்ளே டிஷ்யூ பேப்பர் ஒட்டி, ஊசித் துளைகளைக் கூட்டினேன். தினமும் மூன்று நாலு தடவை டம்ளரை லேசாகச் சுழற்றி விடுவேன். தாய் முட்டைப்பையை அடிக்கடி திருப்பிக்கொண்டே இருப்பாள் இல்லையா, அந்த வேலை நம் தலையில்.

மூன்று வாரத்தில் ஒரு தோல் உரித்தன. சிலந்தி உருவம் வந்தது, ஆனால் வெளிறிப்போய், இரை பிடிக்கத் தெரியாமல். இன்னும் ஒரு மாசம் கழித்து அடுத்த தோல். வயிற்றின்மேல் கறுப்புப் பொட்டு, ஓட்டம், ஒருத்தன் காலை ஒருத்தன் பிடிப்பது எல்லாம் ஆரம்பம். அப்போது பிரித்தாக வேண்டும். மிஞ்சியது 366. அத்தனைக்கும் தனித்தனிச் சின்ன டப்பா, ஈர மண், மூடியில் துளை. இறக்கை இல்லாத பழ ஈ போட்டால் ஓடிப் பிடிக்கும். ஈ தீர்ந்த வாரம் மாவுப்புழுவைத் துண்டு துண்டாக வெட்டி வைத்தேன், அதுவும் போதும். தீனி போட ஒரு சுற்றுக்கு மூன்று மணி நேரம். வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை.

எட்டடி:

நான் எடுப்பதில்லை. நூல்கண்டு அக்கா செய்ததில் தப்பில்லை, ஆனால் என்னிடம் இருப்பது மரத்தில் வாழும் பொசிலோதீரியா. அதில் குஞ்சுகள் வெளியே வந்தபிறகும் தாயோடு ஒரே பொந்தில் ஒண்டியிருக்கும், அவளும் தின்பதில்லை. எனக்கு அதைப் பார்ப்பதில்தான் ஆசை. தவிர இவளிடமிருந்து பிடுங்க எனக்குத் தைரியமும் இல்லை. இவளுக்கு வயிற்றிலிருந்து உதறிவிடும் அரிப்பு முடி கிடையாது, வேகம் உண்டு, கடித்தால் தசை பிடித்து நாள்கணக்கில் வலிக்கும்.

பொறித்தது 90 சொச்சம். காலையில் எழுந்து பார்த்தால் பொந்து வாயில் கொத்தாக உட்கார்ந்திருந்தன. கண்கொள்ளாக் காட்சி. சாயங்காலம் எண்ணினால் 60. காற்றுத்துளை பெரியவளுக்காகப் போட்டது, 4 மில்லிமீட்டர். அது குஞ்சுக்கு வாசல் கதவு. ஒரு மாசம் வரைக்கும் கடிகாரத்துக்குப் பின்னால், திரைச்சீலை மடிப்பில், ஒன்று என் பல்துலக்கும் பிரஷ் டம்ளரில். கணக்கில் ஒன்பது இன்னும் வரவில்லை. முட்டைப்பை வந்த அன்றே துளைகளுக்கு மெல்லிய வலைத்துணி ஒட்டிவிடுங்கள்.

ஆண் திரும்பி வரவில்லை. அதைப்பற்றிக் கேட்காதீர்கள், நண்பருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

புதுவரவு:

எல்லாருக்கும் வணக்கம். ஆணோடு சேர்த்து இரண்டு மாசம் ஆனது, நேற்று அவள் தோல் உரித்துவிட்டாள். இனி முட்டை வருமா?

எட்டடி:

வராதுங்க. விந்துப்பையின் உள்தோலும் சேர்ந்து கழன்றுவிட்டது, அதிலிருந்த சரக்கும் அதோடு போச்சு. மறுபடி சேர்க்க வேண்டும். இப்போது தோல் உரித்த உடம்பு இறுகியபின் சேர்த்துவிடுங்கள், அப்போதுதான் கையில் அவகாசம் இருக்கும். அந்த ஆண் அதுவரை இருந்தால். கடைசித் தோல் உரித்த ஆணுக்கு ஆயுசு பல இனங்களில் மாசக்கணக்குதான். பெண்ணோ இருபது வருஷமும் தாண்டுவாள்.

வெல்வெட்:

ஒரே முட்டைப்பையின் அண்ணன் தங்கையைச் சேர்த்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: நானும் நினைத்தேன். ஆண்கள் மூன்றரை வருஷத்தில் பருவத்துக்கு வந்து போய்ச் சேர்ந்தார்கள், பெண்கள் அப்போதும் பாதி வளர்த்தி. சேர்ந்து வந்திருந்தாலும் இப்போது செய்ய மாட்டேன், வெளி ரத்தம் வேண்டும்.

வெளி ரத்தம் என்று போனால் இன்னொரு குழி. சிவப்பு முழங்காலில், பல வருஷம் எல்லாரும் ஸ்மித்தி என்று அழைத்து வளர்த்ததில் பெரும்பகுதி ஹமோரி என்ற வேறு இனம். 2017-இல் வந்த இனவகைப்பாட்டுத் திருத்தத்துக்குப் பிறகுதான் பலருக்கு அது உறைத்தது. இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி. பெயர்ச்சீட்டை மட்டும் நம்பிச் சேர்த்தால் கலப்புக் குஞ்சு பிறக்கும், அதையும் யாரோ ஸ்மித்தி என்று எழுதி அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். என் கைக்கு வந்த ஆண் எந்த இனம் என்று கொடுத்தவராலேயே சொல்ல முடியவில்லை. சேர்க்காமல் திருப்பிக் கொடுத்தேன், அவருக்கு வருத்தம்தான். இந்த இரண்டும், எட்டடி வளர்க்கிற பொசிலோதீரியாவும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. பொசிலோதீரியா சேர்ந்தது 2019-இல். எல்லை தாண்டி ஆண் வரவழைக்க நினைப்பவர்கள் முதலில் காகிதத்தைப் பாருங்கள்.

என் பெண் ஆணையே பார்க்காமல் ஒருதடவை முட்டைப்பை கட்டினாள். 35 நாள் காத்துத் திறந்தால் காய்ந்த மஞ்சள் கட்டி, குடலைப் பிடுங்கும் நாற்றம்.

கண்ணாடி போடுவதை அக்கா ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் போடவில்லை. முட்டைப்பையை எடுக்கும்போது அவள் பின்னங்காலால் வயிற்றைத் தேய்த்ததைப் பார்த்தேன், அரிப்பு முடி பொடியாகப் பறந்ததைப் பார்த்தேன், ஆனாலும் குனிந்தேன். அன்று ராத்திரி கண்ணில் மணல் விழுந்த மாதிரி. மருத்துவர் நுண்ணோக்கி வைத்துச் சிலதை எடுத்தார், ஆழமாகப் போனதை எடுக்க முடியாது என்றார். ஆறு வாரம் சொட்டு மருந்து. சில பெரிய இனங்கள் முட்டைப்பையிலேயே அந்த முடியைச் சேர்த்துப் பின்னும், ஈப்புழு அண்டாமல் இருக்க. அதனால் தாயைத் தாண்டிவிட்டோம் என்று முட்டைப்பையை வெட்டும்போது கண்ணாடியைக் கழற்றாதீர்கள்.

குழிவாசி:

ஒரு வருஷம் கழித்து வருகிறேன். அவள் தோல் உரித்தாள், மறுபடி சேர்த்தேன் (வேறு மாப்பிள்ளை), மறுபடி முட்டைப்பை. இந்தத் தடவை பெட்டியைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டி, முடிச்சுப் போடும் வேலையை மனைவியிடம் கொடுத்தேன். தண்ணீர்க் கிண்ணம் நிரப்ப மட்டும் வாரம் ஒருமுறை அவளே அவிழ்த்தாள். எனக்குக் கிடைத்த தகவல் எல்லாம் "இருக்கு" என்ற ஒரு வார்த்தைதான். நாலு வாரம் அதை வைத்தே ஓட்டினேன்.

31-ஆம் நாள், நேற்று, எடுத்தோம். அக்கா சொன்னபடி டம்ளர், வெல்வெட் சொன்னபடி கண்ணாடி. இழுத்தால் இழுக்கிறாள், சத்தியமான வார்த்தை. வெட்டிப் பிரித்ததும் எல்லாம் அசையாமல் கிடந்தன, ஒரு நிமிஷம் வயிறு கலங்கிவிட்டது. பிரஷ் நுனியால் தொட்டேன். தொட்டது கால் நீட்டியது. அதன் பக்கத்தில் இருந்ததும் நீட்டியது. 280 வரை எண்ணினேன், பிறகு கணக்குத் தவறியது. பழுப்பு 19.

இன்று காலை கரப்பான் போட்டோம், அவள் தொடவில்லை. குழிக்குள் கால்களை வளைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள், கீழே ஒன்றுமில்லாமல். ஒரு மண் உருண்டை பிடித்து வாசலில் வைத்திருக்கிறேன். எடுக்கிறாளா தெரியவில்லை.

காலுறை ஏணை நன்றாக நிற்கிறது. டம்ளரைச் சுழற்றும் சாக்கில் இதுவரை பதினொரு தடவை எட்டிப் பார்த்துவிட்டேன்.