மெஷின் போட்ட கோலத்தை மார்கழிப் போட்டியில் சேர்க்கலாமா?

படிமோட்டார் (வில்லாபுரம்)

எங்க தெருவுல மார்கழி கடைசி வாரம் கோலப்போட்டி நடக்கும். இந்த வருசம் நானும் பேர் கொடுத்தேன். மெஷின் போடுற கோலத்தை ஏத்துக்க முடியாதுன்னு நடத்துறவங்க சொல்லிட்டாங்க. அவங்களைக் குறை சொல்ல இதை எழுதலை. அவங்க சொன்னது சரியான்னு எனக்கே தெளிவு வேணும், அதான் கேக்குறேன்.

அஞ்சு மாசம் சனி ஞாயிறு முழுக்க இதுலதான் போச்சு. ரெண்டு அலுமினியத் தண்டவாளம், படிப்படியாச் சுத்துற நீமா 17 மோட்டார் மூணு, ஆர்டுயினோ ஊனோங்கிற சின்னக் கட்டுப்பாட்டு பலகை ஒண்ணு, அதுக்குள்ள மோட்டாரை ஓட்டுற ஜிஆர்பிஎல் மென்பொருள். மோட்டார் ஒரு சுத்துக்கு 200 படி, டிரைவர் அதைப் பதினாறாப் பிரிக்குது, ஆக 3,200. இருபது பல் சக்கரம் ஒரு சுத்து சுத்துனா பெல்ட் 40 மில்லிமீட்டர் நகரும். மில்லிமீட்டருக்கு 80 படி. கணக்கு இவ்வளவுதான், ஒரே ராத்திரியில முடிஞ்சது. மாவுதான் என்னைப் படுத்துச்சு. புனல்ல கொட்டுனா கழுத்துல அடைச்சுக்கிரும், தட்டுனா மொத்தமா கொட்டிரும். பழைய செல்போன்ல இருந்து கழட்டுன வைப்ரேட்டர் மோட்டாரைப் புனல் கழுத்துல ஒட்டி, மாவை டீ வடிகட்டியில சலிச்சுப் போட்ட பிறகுதான் இழை அறாம விழுந்துச்சு. அதிர்வு நின்னா மாவும் நிக்கும்.

நடு வரிசையில 15 புள்ளி, மேலயும் கீழயும் ஒவ்வொண்ணாக் குறைஞ்சு 8 வரை ஊடுபுள்ளி. மொத்தம் 169 புள்ளி. அதுக்கு நிரல் எழுதுனது நான்தான், எங்கயும் படத்தை எடுத்து ஒட்டலை. அம்மாவுக்கு முட்டி தேஞ்சு குனிய முடியாமப் போய் ரெண்டு வருசம் ஆச்சு. ரெண்டு வருசமா எங்க வாசல் வெறும் வாசல். என் விரலுக்குக் கோலம் வராது, ஆனா நிரல் வரும். அதை ஏன் என் கைவேலையா எடுத்துக்கக் கூடாது?

சுங்குடி (தெற்கு மாசி வீதி)

போட்டி நடத்துறவங்க செஞ்சது சரிங்கிறது என் கட்சி. ஏன்னு சொல்றேன்.

எங்க வீட்டுல சுங்குடி முடிச்சு போட்டவங்க உண்டு. எங்க அப்பத்தா வலது கை சுண்டுவிரல் நகத்தை மட்டும் வெட்டாம வச்சிருக்கும். நகத்தால துணியைக் கிள்ளித் தூக்கி, நூலை ரெண்டு சுத்து சுத்தி இறுக்கி அடுத்த முடிச்சுக்குப் போயிரும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்குல முடிச்சு. சாயத்துல முக்கிக் காயவச்சுப் பிரிச்சா வெள்ளைப் புள்ளி நிக்கும், ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. நடுவுல ஒரு துளி சாயம் கசிஞ்சிருக்கும். அதுதான் அடையாளம். பிறகு மெழுகு அச்சு வந்துச்சு, ஸ்கிரீன் பிரிண்ட் வந்துச்சு. வந்ததைத் தப்புங்கல. எல்லாத்தையும் சுங்குடின்னே சொல்லி ஒரே அலமாரியில அடுக்குனதுதான் தப்பு. வாங்குறவங்களுக்கு எது முடிச்சு எது அச்சுன்னு தெரியாமப் போச்சு. கைமுடிச்சுக்குக் கூலி கட்டலைன்னு ஒவ்வொரு வீடா விட்டுட்டாங்க. புவிசார் குறியீடு கிடைச்சப்போ எங்க வீட்டுல முடிச்சு போட ஆள் இல்ல.

தம்பி மெஷின் நல்ல வேலை, நான் மறுக்கலை. ஆனா ஒரே போட்டி, ஒரே பரிசுன்னு சேர்த்து வச்சா, அச்சுச் சேலையும் முடிச்சுச் சேலையும் ஒரே அலமாரியில வந்த கதைதான்.

ஊடுபுள்ளி (சிம்மக்கல்)

தம்பி, உங்க அம்மாவை நினைச்சு செஞ்சது மனசுக்கு நிறைவா இருக்கு. ஆனாலும் நான் சுங்குடி அண்ணன் பக்கம்தான்.

முப்பது வருசமாக் காலையில அஞ்சு மணிக்கு வாசல் தெளிக்கிறேன். கோலம் முடிஞ்ச பிறகு போட்டோவுல தெரியுறது பாதிதான். மண்ணு எவ்வளவு ஈரம் ஏறியிருக்குன்னு பார்த்து மாவை இறுக்கிப் பிடிக்கணுமா தளர விடணுமான்னு விரல் முடிவு பண்ணும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உரசுற அளவுலதான் இழை தடிக்கிறதும் மெலியறதும். நடுவுல ஒரு சுழி தப்பிருச்சுன்னா அழிக்க மாட்டோம். தப்புன இடத்தை ஒரு இதழா மாத்தி, எதிர்ப்பக்கமும் அதே இதழை வச்சு சரிக்கட்டிருவோம். எங்க தெருவுல பாதிக் கோலம் அப்படிப் பிறந்ததுதான். உங்க மெஷினுக்குத் தப்பு வந்தா என்ன செய்யும்?

தாம்பரம் பழைய மாணவன் (இப்போது அண்ணா நகர், மதுரை)

கணினிக்கும் கோலத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் பேச்சு போகிறது. அது நியாயமில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து, கோலத்தை வைத்தே அரே கிராமர் என்ற பட இலக்கணம் பற்றி 1974இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல் படத்துக்கும் இலக்கணம் எழுதலாம். சில விதிகளைத் திரும்பத் திரும்பப் போட்டால் சின்னக் கோலம் பெரிய கோலமாக வளரும் என்று காட்டினார்கள். லிண்டன்மேயர் என்ற உயிரியலாளர் செடி, பாசி வளர்வதை எழுத 1968இல் ஒரு விதிமுறை கொண்டுவந்தார். பின்னாளில் அதே முறையில் நம் கிருஷ்ணர் கொலுசுக் கோலத்தையும் கணினியில் வரைந்தார்கள். இன்று பைத்தான் என்ற கணினி மொழியில், திரையில் ஓர் ஆமையை நகர்த்திப் படம் போடும் பிள்ளைகள் எழுதும் "முன்னே போ, திரும்பு" என்பதுதான் வாசலில் நம் பெண்கள் மனசுக்குள் சொல்லிக்கொண்டு வருவதும்.

கோலத்துக்குள் நிரல் ஏற்கெனவே இருக்கிறது. அதை வெளியே எடுத்து எழுதியவரை வெளியாள் என்று சொல்லாதீர்கள்.

வைகைக்கரை (செல்லூர்)

புதுமண்டபத்துல கடைங்க இருந்த காலத்துல எங்க அம்மா ஒரு கோலக்குழாய் வாங்கி வந்தாங்க. ஓட்டை போட்ட பித்தளைக் குழாய், மாவை நிரப்பி உருட்டுனா பார்டர் விழும். அன்னைக்கு யாரும் அது கோலமில்லைன்னு சண்டை போடலை. இன்னைக்கு பிளாட்டுல லிப்டுக்கும் கதவுக்கும் நடுவுல ரெண்டடி இடம், அதுல ஸ்டிக்கர் ஒட்டுறாங்க. அதோட ஒப்பிட்டா, அஞ்சு மாசம் உக்காந்து மாவு விழ வச்ச ஆளைப் பாராட்டணும். பரிசு வேணாம்னா வேணாம், வாசல்ல ஓட்டிக் காட்ட இடமாவது கொடுக்கலாம்.

படிமோட்டார்

ஊடுபுள்ளி அக்கா, தப்பு வந்தா மெஷினுக்குத் தெரியாதுதான், ஒத்துக்கிறேன். ஆனா நிரலுக்குன்னு ஒரு பலம் இருக்கு. கம்பிக்கோலத்துல, அதாவது புள்ளியைச் சுத்தி வளைஞ்சு போற கோலத்துல, ரெண்டு கோடு வெட்டுற ஒவ்வொரு இடத்துலயும் நாலு முனை இருக்கு. நாலு இரட்டைப்படை. ஒவ்வொரு சந்திப்புலயும் இரட்டைப்படை முனை இருந்தா, கை எடுக்காம, போன கோட்டுல திரும்பப் போகாம மொத்தத்தையும் வரைஞ்சு தொடங்குன இடத்துக்கே வந்துரலாம். ஆய்லர்ங்கிற கணித மேதை 1736ல, ஒரு ஊர்ப் பாலங்களை எல்லாம் ஒவ்வொரு தடவை மட்டும் கடந்து வர முடியுமாங்கிற கணக்குக்காகச் சொன்னது. அதனால எந்தக் கம்பிக்கோலத்தையும் ஒரே இழையில முடிக்கலாம். என் நிரல் அப்படித்தான் போடுது, புனலை நிறுத்தவே வேண்டியதில்ல.

ஊடுபுள்ளி

இல்ல தம்பி, இங்கதான் தப்பு.

ஒரு தாளை எடுத்து நாலுக்கு நாலு நேர்ப்புள்ளி வச்சு, புள்ளியைச் சுத்திக் கம்பி போட்டுப் பாருங்க. எங்க தொடங்குனாலும் ஒரு சுத்து வந்து மூடிக்கும், மிச்சப் புள்ளிக்குக் கம்பி சேராம நிக்கும். மறுபடி தொடங்கணும். மொத்தம் நாலு கம்பி வரும். மூணுக்கு நாலு வச்சீங்கன்னா ஒரே கம்பியில முடிஞ்சிரும். இது எனக்கு எங்க பெரியம்மா சொல்லிக்கொடுத்தது.

ஏன்னா வெட்டுற இடத்துல நேரா தாண்டித்தான் போகணும், திரும்பக் கூடாது. திரும்புனா அது ஒடிஞ்ச கம்பி. தள்ளி நின்னு பார்த்தா வடிவம் அதேதான், யாருக்கும் தெரியாது. கிட்ட வந்து பார்த்தா ஒடிஞ்ச இடத்துல மாவு திட்டு தட்டியிருக்கும். உங்க கோலத்துல திட்டு இருக்கா இல்லையா, இப்பவே போய்ப் பாருங்க.

நாலு கம்பியை ஒண்ணாக்கணும்னா தோதான மூணு இடத்துல வெட்டாம விலக்கித் திருப்பிவிடணும். அப்போ கோலமே வேறயாகும். அதுக்கும் வழி இருக்கு, அதுதான் கை.

தல்லாகுளம் வாத்தியார்

ஊடுபுள்ளி அம்மா சொல்வது முழுக்கச் சரி. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மீப்பெரு பொது வகுத்தி நடத்தும்போது இதைத்தான் கரும்பலகையில் போடுவேன். செவ்வகமாக நேர்ப்புள்ளி வைத்து, பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே எல்லாம் வெட்டிக்கொண்டு போகும் சாதாரணக் கம்பிக்கோலத்தில், எத்தனை கம்பி வரும் என்பது இரண்டு பக்க எண்களின் மீ.பொ.வ. மூன்றுக்கு நான்கு என்றால் ஒன்று. ஆறுக்கு ஒன்பது என்றால் மூன்று. ஐந்துக்கு ஏழு மறுபடி ஒன்று. கரும்பலகை முன் நின்று ஒரு பிள்ளை ஆறுக்கு ஒன்பது போட்டு, மூன்றாவது கம்பி மூடும்போது வகுப்பு முழுவதும் எழுந்து நின்று எண்ணியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆய்லர் சொன்னது பொய்யில்லை. அவருடைய கணக்கில் சந்திப்பில் எந்தப் பக்கமும் திரும்பலாம். கோலத்தில் திரும்பக் கூடாது. படிமோட்டார் தம்பி கேள்வியை மாற்றிப் போட்டுவிட்டார்.

படிமோட்டார்

போய்ப் பார்த்தேன். திட்டு இருக்கு. ஒரு கோலத்துல பதினோரு இடம். மாவு கட்டி தட்டுதுன்னு நினைச்சு ரெண்டு மாசமா வைப்ரேட்டரை மாத்தி மாத்தி வச்சுக்கிட்டு இருந்தேன். கோளாறு மாவுல இல்ல, நிரல்லதான். நன்றிக்கா.

போட்டி விசயத்துல இன்னும் மனசு ஒத்துக்கலை. ஒரு யோசனை: மெஷின் புள்ளி மட்டும் வைக்கட்டும், கம்பி கையால போடலாம். அப்போ சேர்ப்பாங்களா?

ஊடுபுள்ளி

வேணாம் தம்பி. புள்ளிதான் கஷ்டம். நடு வரிசையை முதல்ல வச்சு, அதுல இருந்து மேலயும் கீழயும் ஒவ்வொண்ணாக் குறைச்சுக்கிட்டே வரணும். ரெண்டு புள்ளிக்கு நடுவுல நேரா அடுத்த வரிசைப் புள்ளி உக்காரணும். அளவுகோல் கிடையாது, கண்ணுதான். எங்க பெரியம்மா ஆறு மாசம் எனக்குப் புள்ளி மட்டும்தான் வைக்க விட்டாங்க. கம்பி தானா வந்துச்சு. புள்ளியை மெஷின்கிட்ட கொடுத்துட்டுக் கம்பியைப் பிள்ளைங்ககிட்ட கொடுத்தா, அஸ்திவாரம் போடத் தெரியாம சுவர் எழுப்புற மாதிரி ஆயிரும்.

நான் ஒண்ணு கேக்குறேன். அந்த 15 புள்ளிக் கோலம் உங்க நிரல்னு சொன்னீங்க. அதை உங்களுக்கு யார் சொன்னா?

படிமோட்டார்

அம்மாதான். இதை முதல்லயே எழுதியிருக்கணும்.

அம்மா நாற்காலியில உக்காந்து வாயால சொன்னாங்க. தாள்ல போட்டுக் காட்டச் சொன்னேன், தாள்ல வரலைன்னுட்டாங்க. கண்ணை மூடிக்கிட்டுக் காத்துல விரலை ஓட்டி, "தொட்டு, தாண்டி, சுத்தி, தாண்டி"ன்னாங்க. தொட்டுன்னா புள்ளியை ஒட்டிப் போறது, தாண்டின்னா கம்பியை வெட்டிப் போறது, சுத்தின்னா ஓரப் புள்ளியை வளைச்சு வர்றது. அந்த மூணையும் மூணு கட்டளையா எழுதிக்கிட்டேன். எங்க ஆத்தா உசிலம்பட்டிப் பக்கம் போட்ட கோலமாம். நான் பார்த்த எந்தக் கோலப் புஸ்தகத்துலயும் இல்ல. ஓரத்துல மட்டும் அம்மாவுக்கு ஞாபகம் விட்டுப்போச்சு. அந்த இடத்தைத்தான் ஆய்லரை வச்சு நான் நிரப்புனேன். பதினோரு திட்டும் அங்கதான் இருக்கு.

சுங்குடி

தம்பி, இதைச் சொல்லியிருந்தா நான் முதல் பதிலை வேற மாதிரி எழுதியிருப்பேன். எங்க அப்பத்தா முடிச்சு வரிசையை யாரும் எழுதி வைக்கலை. "தாமரைக்கு ஆறு, இடம் விட்டு ஒண்ணு"ன்னு அது முனகுறது மட்டும் காதுல இருக்கு, மிச்சம் போச்சு.

பரிசு விசயத்துல நான் மாறலை. கைக்கோலத்தோட போட்டி போடக் கூடாது. ஆனா உங்க அம்மா பேரை எழுதி வச்சு வாசல்ல ஓட்டுங்க. நான் வந்து பார்ப்பேன்.

தாம்பரம் பழைய மாணவன்

நான் மாறவில்லை. சொன்னது அம்மா, எழுதியது மகன், போட்டது மெஷின். மூன்றும் சேர்ந்துதான் அந்தக் கோலம். அதற்குப் போட்டியில் இடமில்லை என்றால் போட்டி விதிதான் பழையது.

ஊடுபுள்ளி

சார், விதி பழையதுதான். அதைக் காப்பாத்தத்தானே போட்டியே வைக்கிறாங்க.

தம்பி, ஓரத்தை அம்மாவையே முடிக்கச் சொல்லுங்க. ஞாபகம் வரலைன்னா, ஈரத் தரையில மாவைக் கையில கொடுத்துப் பக்கத்துல ஒரு முக்காலி போட்டு உக்கார வைங்க, குனிய வேணாம். ஒரு பிடி மாவு விரல்ல பட்டா வாய்க்கு வராதது கைக்கு வரும்.

படிமோட்டார்

முக்காலி இல்ல, பால் கேன் மேல பலகை வச்சு உக்கார வச்சேன். எட்டுப் புள்ளி ஓரம் மட்டும். முதல் ரெண்டு தடவை நின்னுட்டாங்க. மூணாவது தடவை விரல் நிக்காம ஓடுச்சு. ஓரத்துல விட்டுப்போனது ரெட்டைச் சுத்து. அதாவது ஓரப் புள்ளியை வளைச்சுட்டுத் திரும்பி வராம, அடுத்த ஓரப் புள்ளியையும் சேர்த்து வளைக்கணும். அதைப் போட்டா திரும்ப வேண்டிய இடமே வரலை. பதினோரு இடமும் நேராத் தாண்டிப் போகுது. கோலம் ரெண்டு கம்பி ஆயிருச்சு, அம்மா அப்படித்தான்னு சொல்லிட்டாங்க. நடுவுல புனலை ஒரு தடவை நிறுத்தணும், அவ்வளவுதான்.

போட்டிக்குக் கொடுத்த பேரை வாங்கிக்கிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில அஞ்சரைக்கு எங்க வாசல்ல ஓட்டப் போறேன். மார்கழிப் பனியில மாவு மறுபடி அடைக்குது, அதுக்கு மட்டும் வழி சொல்லுங்க.

ஊடுபுள்ளி

அரிசி மாவு கலந்திருந்தா பனிக்குக் கட்டி தட்டும், அதை வெள்ளிக்கிழமைக்கு வேணாம். வெறும் கல்மாவு எடுத்து, நாலு பங்கு மாவுக்கு ஒரு பங்கு சலிச்ச பொடி மணல் சேர்த்துப் பாருங்க. முந்தின நாள் வெயில்ல காயவச்சு, மூடிபோட்ட டப்பாவுல அடைச்சு வைங்க. சாணி தெளிச்சா ஈரம் உறிஞ்சுற வரைக்கும் கால் மணி நேரம் பொறுங்க.