நான்காண்டு உரிமையுள்ள இளைஞரைக் கொடுத்து ஓராண்டு வீரரை வாங்கலாமா? ஓரியோல்ஸ் குறித்து ஒரு கேள்வி

செந்தூல் விடியல்:

அனைவருக்கும் வணக்கம். பால்ட்டிமோர் ஓரியோல்ஸ் என்ற அமெரிக்கப் பேஸ்பால் அணியைப் பின்தொடரும் கோலாலம்பூர்க்காரர்கள் இங்கே நான்கைந்து பேராவது இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அங்கே மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குக் காலை ஏழு மணிக்கு வருவதால், பருவம் நடக்கும் மாதங்களில் பாதி ஆட்டத்தை எல்.ஆர்.டி. ரயிலில் கைப்பேசியில்தான் பார்க்க முடிகிறது. ஆட்டமில்லாத இந்த மாதங்களில்தான் நிர்வாகம் செய்ததை ஆற அமர எண்ணிப்பார்க்க நேரம் வாய்க்கிறது.

2025 நவம்பரில் கிரேசன் ரோட்ரிகஸை ஏஞ்சல்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு டெய்லர் வார்டை வாங்கினார்கள். ரோட்ரிகஸ் 2018 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) பதினோராவதாக எடுக்கப்பட்ட பந்துவீச்சாளர். 2029 வரை அவர்மீது அணிக்கு உரிமை இருந்தது, அதாவது அதுவரை அவர் தானாக வேறு அணிக்குப் போக முடியாது. வார்டு 2025-இல் 36 ஹோம் ரன் அடித்தவர் என்பதை மறுக்கவில்லை. ஆனால் வாங்கியபோதே அவருக்கு 31 வயது, 2026 முடிந்ததும் எந்த அணிக்கும் போகலாம். அடுத்த மாதமே, டாம்பா பே ரேஸ் அணியிடமிருந்து ஷேன் பாஸ் என்ற பந்துவீச்சாளரைப் பெறுவதற்காக நான்கு இளம் வீரர்களையும் ஒரு டிராஃப்ட் வாய்ப்பையும் கொடுத்தார்கள். வளர்த்த பந்துவீச்சாளரை மட்டையாளருக்காகக் கொடுத்துவிட்டு, வேறொரு பந்துவீச்சாளருக்காக அடுத்த தலைமுறையையும் கொடுப்பது என்ன கணக்கு?

தலைமை நிர்வாகி மைக் எலையஸ் பொறுப்பேற்ற பிறகு 2019-இல் 108 தோல்வி, 2021-இல் 110 தோல்வி என்று ரசிகர்கள் பொறுத்துக்கொண்டது, இந்த இளைஞர்கள் ஒருநாள் ஒன்றாக ஆடுவார்கள் என்பதற்காகத்தான். 2023-இல் 101 வெற்றி வந்தபோது அந்த நாள் வந்துவிட்டது என்றே நினைத்தோம். 2025-இல் 75 வெற்றியோடு பிரிவின் கடைசி இடத்தில் நின்ற அணி, பொறுமையைக் கைவிட்டு அவசரத்தில் இறங்கிவிட்டதோ என்பதே என் ஐயம்.

பங்சார் நடுவர்:

தம்பி, நீங்கள் ஆண்டுகளை ஆண்டுகளோடு எண்ணுகிறீர்கள். நான்குக்கு ஒன்று என்று எழுதினால் யாருக்கும் நட்டமாகத்தான் தெரியும். ஆனால் ரோட்ரிகஸ் 2024-இல் 20 ஆட்டங்களைத் தொடங்கி 13 வென்றபின், தோளுக்குக் கீழே முதுகுத் தசையில் காயம்பட்டு ஒதுங்கினார். 2025 முழுவதும் முதன்மை லீக்கில் ஒரு பந்துகூட வீசாமல், முழங்கையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். காகிதத்தில் இருக்கும் நான்காண்டில் எத்தனை ஆண்டு மைதானத்தில் கிடைக்கும் என்பதை, அவருடைய மருத்துவக் கோப்பைப் பார்த்த இரண்டு நிர்வாகங்கள்தான் அறியும். அந்தக் கோப்பைப் பார்த்த பிறகும் ஏஞ்சல்ஸ் வாங்கியது என்பது அவருக்குச் சாதகமான செய்தி, பார்த்த பிறகும் ஓரியோல்ஸ் விற்றது என்பது பாதகமான செய்தி. இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இளைஞரைக் கொடுப்பது என்றாலே தோல்வி என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் கான்சஸ் சிட்டி ராயல்ஸ் கதையைத்தான் சொல்வேன். 1985-இல் பட்டம் வென்ற பிறகு 2014 வரை இறுதிச்சுற்றுகளையே எட்டாத அணி அது. 2010 டிசம்பரில் தன்னுடைய மிகச் சிறந்த பந்துவீச்சாளரான சாக் கிரைங்கியை மில்வாக்கிக்குக் கொடுத்து, லொரென்சோ கெய்ன், அல்சிடீஸ் எஸ்கோபார், ஜேக் ஓடோரிஸி முதலிய இளைஞர்களைப் பெற்றது. அதைப் பொறுமையின் வழி எனலாம். ஆனால் 2012 டிசம்பரில் நேர் எதிராக நடந்துகொண்டது: நாடே கொண்டாடிய இளம் மட்டையாளர் வில் மையர்ஸையும், அதே ஓடோரிஸியையும், இன்னும் இருவரையும் ரேஸ் அணிக்குக் கொடுத்து ஜேம்ஸ் ஷீல்ட்ஸ், வேட் டேவிஸ் என்ற இரு பந்துவீச்சாளர்களை வாங்கியது. அடுத்த ஆண்டே மையர்ஸ் சிறந்த புதுமுக வீரர் விருதைப் பெற்றபோது, ராயல்ஸ் நிர்வாகத்தைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. 2014-இல் அந்த அணி, பட்டத்தை முடிவுசெய்யும் உலகத் தொடர் வரை சென்றது; 2015-இல் வென்றது. கடைசி ஆட்டத்தின் கடைசி விக்கெட்டை (கிரிக்கெட் பழக்கம் விடவில்லை, பொறுத்தருள்க) எடுத்தவர் வேட் டேவிஸ். முன்னர் வாங்கிய கெய்ன் 2014-இலும் எஸ்கோபார் 2015-இலும் அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரர்கள்.

ஆகவே, இளைஞரைச் சேர்ப்பதும் அவரைக் கொடுப்பதும் ஒரே திட்டத்தின் இரண்டு பருவங்கள். ஓரியோல்ஸ் இரண்டாம் பருவத்துக்குள் இரண்டாண்டு தாமதமாக நுழைந்தது என்பதுதான் என் குறை. 2024 பிப்ரவரியில் கார்பின் பர்ன்ஸ் என்ற முன்னணிப் பந்துவீச்சாளரை வாங்கியது சரி. அவர் ஓராண்டில் விலகி அரிசோனாவுக்குப் போன பிறகு, அவருக்கு நிகரான ஒருவரைத் தேடாமல், 41 வயது சார்லி மார்ட்டனையும் 35 வயது சுகானோவையும் ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்தார்களே, 2025-இன் வீழ்ச்சி அங்கேதான் தொடங்கியது.

கெப்போங் தணிக்கையாளர்:

பங்சார் அண்ணன் சொன்னதில் ஒரு பகுதியை ஏற்கிறேன். ஆனால் பர்ன்ஸ் பரிமாற்றம் ஓராண்டோடு முடிந்துவிடவில்லை என்பதை இருவருமே கவனிக்கவில்லை. தொழில் கணக்கு பார்ப்பது என்பதால் எனக்கு இதில்தான் ஆர்வம்.

பர்ன்ஸுக்காக மில்வாக்கிக்குப் போனவர்கள் ஜோய் ஓர்ட்டிஸ், டி.எல். ஹால் ஆகியோரும் ஒரு டிராஃப்ட் வாய்ப்பும். ஓர்ட்டிஸ் அங்கே உடனே நிலையான ஆட்டக்காரராகிவிட்டார் என்பது உண்மை. பர்ன்ஸ் ஓரியோல்ஸுக்கு 15 ஆட்டங்களை வென்று கொடுத்தார்; இறுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தில் எட்டு இன்னிங்ஸ் வீசி ஒரே ஓட்டம் கொடுத்தும், அணி ஒரு ஓட்டம்கூட எடுக்காததால் 1–0 என்று தோற்றார். பிறகு, அணி முன்வைத்த ஓராண்டு ஒப்பந்தத்தை மறுத்து வெளியேறியதால், பர்ன்ஸுக்கும், அதேபோல் விலகிய சான்டன்டேருக்கும் ஈடாக 2025 டிராஃப்டில் முதல் சுற்று முடிந்தவுடன் இரண்டு வாய்ப்புகள் கிடைத்தன. அவற்றில் ஒன்றால் எடுக்கப்பட்டவர்தான் கேடன் போடின் என்ற கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்து பிடிப்பவர்). அந்தப் போடின் இப்போது பாஸுக்காக ரேஸுக்குப் போன நால்வரில் ஒருவர்! நால்வரில் இன்னொருவரான ஸ்லேட்டர் டி புரூன் கதை இதைவிட வேடிக்கையானது. ரேஸிடமிருந்தே 2025 ஜூலையில் வாங்கிய டிராஃப்ட் வாய்ப்பால் எடுக்கப்பட்டவர், சில மாதங்களில் ரேஸுக்கே திரும்பிவிட்டார்.

ஓராண்டு வீரரை வாங்கினால் ஓராண்டில் எல்லாம் கரைந்துவிடும் என்று செந்தூல் நண்பர் நினைப்பது இதனால்தான் முழுக்கச் சரியில்லை. வார்டு நன்றாக ஆடி விலகினால் அவர்மூலமும் ஒரு வாய்ப்பு கிடைக்கலாம். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அணி அவருக்கு 20 மில்லியன் டாலருக்கு மேற்பட்ட ஓராண்டு ஒப்பந்தத்தை முன்வைக்கத் துணிய வேண்டும். அவர் அதை ஏற்றுக்கொண்டால் பணம் கொடுத்தாக வேண்டும்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறிடத்தில். வீரர் முதன்மை அணியில் 172 நாள் இருந்தால் ஓராண்டுப் பணிக்காலம். மூன்றாண்டு முடிந்தால் ஊதியத்துக்கு நடுவர் தீர்ப்பு கோரலாம். ஆறாண்டு முடிந்தால் விரும்பிய அணிக்குப் போக விடுதலை. இந்த விதியை வைத்துக்கொண்டு கிளப்புகள் ஆடும் விளையாட்டுதான் இளைஞர் நிர்வாகம் என்ற பெயரில் நடக்கிறது. 2015-இல் சிகாகோ கப்ஸ் கிறிஸ் பிரையன்ட்டைத் தொடக்கத்தில் கீழ்நிலை அணியிலேயே நிறுத்திவைத்து ஏப்ரல் 17-ஆம் நாள் அழைத்தது. அந்த ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் அவர்தான், ஆனால் கணக்கில் 171 நாள். ஒரே ஒரு நாள் குறைந்ததால் அவருடைய விடுதலை ஓராண்டு தள்ளிப்போனது. அவர் தொடுத்த முறையீடும் 2020-இல் நிராகரிக்கப்பட்டது.

கிளப்புகளும் வீரர் சங்கமும் செய்துகொண்ட 2022 ஒப்பந்தத்தில் இதற்கு ஓரளவு மருந்து வைத்தார்கள். புதுமுக வீரர் விருது வாக்கெடுப்பில் முதலிரண்டு இடம் பெறுபவருக்கு முழு ஆண்டுப் பணிக்காலம் உண்டு. அதே ஆண்டு மே மாதத்தில் அழைக்கப்பட்ட நம் அட்லி ரட்ச்மன் இரண்டாமிடம் பெற்று அதனால் பயனடைந்தார். முதல் நாளிலிருந்தே சிறந்த இளைஞரை ஆடவிடும் அணிக்கு, அவர் விருது வென்றால் ஒரு கூடுதல் டிராஃப்ட் வாய்ப்பு. 2023-இல் கன்னர் ஹென்டர்சன் விருது வென்று ஓரியோல்ஸுக்கு அதையும் பெற்றுத்தந்தார். தண்டனையால் நடக்காதது ஊக்கத்தொகையால் நடந்திருக்கிறது.

பிறை வாத்தியார்:

பள்ளிகளில் சாஃப்ட்பால் பயிற்றுவித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சில சொற்கள். கணக்கைப் பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள்; ஆட்டக்காரனைப் பற்றி நான் பேசுகிறேன்.

இளைஞனை எப்போது மேலே கொண்டுவருவது என்பதில் ஓரியோல்ஸ் செய்த தவறு, தாமதமன்று. ஜாக்சன் ஹாலிடே 2022 டிராஃப்டின் முதல் தேர்வு. 2024 ஏப்ரலில் இருபது வயதில் அழைத்தார்கள். 34 முறை மட்டை பிடித்து இரண்டே அடிகள் எடுத்தார். மாதம் முடியும் முன்பே கீழ்நிலை அணியான நார்ஃபோக்குக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஜூலைக் கடைசியில் மறுபடியும் அழைத்தார்கள். பாலேக் பூலாவில் டுரியானை யாரும் மரமேறிப் பறிப்பதில்லை, அது தானாக விழ வேண்டும்; விழுந்த பிறகு வெயிலில் கிடக்கவும் விடக்கூடாது. இருபது வயதுப் பையனை ஆயிரக்கணக்கானோர் முன் நிறுத்தி, இரண்டு வாரத்தில் முடிவு சொல்வது எனக்கு உடன்பாடில்லை. ஒன்று, இன்னும் இரண்டு மாதம் கீழேயே வைத்திருக்க வேண்டும். இல்லையெனில், அழைத்த பிறகு தோல்வியடையவும் இடம் கொடுத்திருக்க வேண்டும்.

பந்துவீச்சாளர் என்றால் இன்னும் கடினம். வாஷிங்டன் நேஷனல்ஸ் 2012-இல் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க்கை நிறுத்தியது உங்களுக்கு நினைவிருக்கும். முழங்கை அறுவைச் சிகிச்சை முடிந்து முதல் முழு ஆண்டு என்பதால், 159 இன்னிங்ஸ் கடந்ததும் செப்டம்பரில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அந்த ஆண்டு 98 வெற்றியோடு முன்னணியில் நின்ற அணி, அவர் இல்லாமல் முதல் தொடரிலேயே, ஐந்தாம் ஆட்டத்தில் 6–0 என்று முன்னிலை பெற்றிருந்தும், செயின்ட் லூயிஸிடம் தோற்றது. பைத்தியக்காரத்தனம் என்று எழுதாத பத்திரிகை இல்லை. 2019 உலகத் தொடரில் அதே ஸ்ட்ராஸ்பர்க் சிறந்த வீரர் விருது பெற்றதும், எல்லாரும் மாற்றி எழுதினார்கள். உடனே 245 மில்லியன் டாலருக்கு ஏழாண்டு ஒப்பந்தம்; அதில் அவர் தொடங்கியது எட்டே ஆட்டங்கள். காப்பாற்றினார்களா, காப்பாற்ற முடியாததை ஒத்திவைத்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை. ரோட்ரிகஸ் விஷயத்தில் விற்றவரையும் வாங்கியவரையும் இப்போதே தீர்ப்பிடுகிறவர்கள், இந்த வரிசையை ஒருமுறை நினைக்க வேண்டும்.

அமெரிக்காவில் 2014 முதல் சிறுவர்களுக்கு வயதுவாரியாக வரம்பு வைத்திருக்கிறார்கள்: ஏழெட்டு வயதில் ஒருநாளுக்கு 50 பந்து, பதினேழு பதினெட்டு வயதில் 105. ஆனால் வேகத்துக்கு யாரும் வரம்பு வைக்கவில்லை. டிராஃப்டில் மேலே போக வேண்டுமானால் வேகமாக வீசியே ஆக வேண்டும். கிளப்பின் கைக்கு வரும்போதே பல கைகள் பாதி தேய்ந்திருக்கும்.

செந்தூல் விடியல்:

மூவருக்கும் நன்றி. போடின் வழியாகப் பர்ன்ஸ் பாஸாக மாறிய கணக்கைத் தணிக்கையாளர் அம்மா எடுத்துக்காட்டியது எனக்குப் புதிது. ஆனாலும் அண்ணனுடைய ராயல்ஸ் உதாரணம் இங்கே முழுமையாகப் பொருந்துகிறதா என்று ஐயமாகவே இருக்கிறது. ஷீல்ட்ஸ் வந்தபோது அவர்மீது இரண்டாண்டு உரிமை இருந்தது, டேவிஸ்மீது அதைவிட அதிகம். அவர்கள் நின்று ஆட நேரம் இருந்தது. வார்டுக்கு அது இல்லை.

வாத்தியார் ஐயா சொன்ன இடம் கொடுத்தல் என்பதுதான் இப்போது என் கவலை. டிசம்பரில் பீட் அலான்சோவுக்கு ஐந்தாண்டு, 155 மில்லியன் டாலர் என்று முதல் பேஸ் நிரந்தரமாக அடைக்கப்பட்டுவிட்டது. கேட்சர் சாமுவேல் பசாயோவுக்கு 2025 ஆகஸ்டில், முதல் ஆட்டம் ஆடிய அதே வாரத்தில், எட்டாண்டு, 67 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். கேட்சர் இடத்தில் ரட்ச்மனும் இருக்கிறார். அப்படியானால் 2020-இல் எடுத்து இத்தனை ஆண்டு வளர்த்த, முதல் பேஸில் ஆடிவந்த கோபி மாயோ எங்கே ஆடுவார்?

பங்சார் நடுவர்:

மாயோவின் இடம் வேறோர் அணியில் என்பதுதான் நேர்மையான பதில். அலான்சோவை எடுத்த அன்றே அது முடிவாகிவிட்டது என்று கருதுகிறேன். வாரத்தில் இரண்டு நாள் மட்டை பிடிக்கவிட்டு அவர் மதிப்பைக் குறைப்பதைவிட, பருவம் தொடங்கும் முன்பே ஒரு பந்துவீச்சாளருக்காகக் கொடுத்துவிடலாம்.

கெப்போங் தணிக்கையாளர்:

அண்ணன் அவசரப்படுகிறார். பசாயோவுக்கு அந்த ஒப்பந்தம் போட்டதன் மறுபக்கம், ரட்ச்மனுடைய ஆறாண்டு 2027-இல் முடிகிறது என்பது. முதலில் அவர் இருப்பாரா என்று முடிவெடுக்கட்டும். அவர் போனால் பசாயோ முழுநேரக் கேட்சராவார், அடிப்பதற்கு மட்டும் களமிறங்கும் இடம் மாயோவுக்குத் திறக்கும். அதுவரை மாயோவுக்குக் கொடுக்கும் சம்பளம் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டியதுதான்; வைத்திருப்பதால் அணிக்குச் செலவில்லை.

பிறை வாத்தியார்:

அணிக்குச் செலவில்லை, அம்மா. மாயோவுக்கு உண்டு.