பகடி நிற்கிறது, மூலம் மறைகிறது: பிள்ளைகளுக்கு எதை முதலில் காட்டுவது?

அல்சூர் வாசகி:

எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமை மாலைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள், எட்டாவதும் ஒன்பதாவதும் படிப்பவர்கள். பள்ளியில் கன்னடமும் இந்தியும், தமிழ் வீட்டில் பேசுவதோடு சரி. எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கடைசியில் கொஞ்ச நேரம் சினிமா, பாட்டு, கதை என்று பேசுவோம். போன வாரம் அவர்களே ‘தமிழ்ப்படம்’ (2010) தொடக்கக் காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். சினிமாப்பட்டி என்றொரு ஊர். அங்கே ஆண் குழந்தை பிறந்தால் கொன்றுவிடுவார்கள். பிறந்த குழந்தை தன்னைச் சென்னைக்கு அனுப்பச் சொல்லிக் கெஞ்சுகிறது, பாட்டி தூக்கிக்கொண்டு போகிறார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நல்ல காட்சிதான், நானும் ரசித்தேன்.

அப்புறம், “இது எந்தப் படத்தைக் கிண்டல் செய்கிறது தெரியுமா?” என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’ (1994) என்ற பெயரைக்கூடக் கேட்டதில்லை. படம் தெரியாததுகூடப் பரவாயில்லை. உசிலம்பட்டிப் பக்கம் பெண் சிசுக்களைக் கள்ளிப்பால் கொடுத்துக் கொன்றார்கள் என்பதே தெரியவில்லை. அதற்காகத்தான் 1992-இல் அரசாங்கம் சேலத்தில், பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் விட்டுவிடச் சொல்லும் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது என்று சொன்னபோது ஒரு பெண் கேட்டாள்: “மிஸ், நிஜமாவே அப்படிப் பண்ணாங்களா?”

ஒரு கொடுமையைத் தலைகீழாகத் திருப்பியதுதான் அந்தக் காட்சியின் நகைச்சுவை. எதைத் திருப்பினார்கள் என்றே தெரியாமல் சிரிப்பு வந்திருக்கிறது. கிண்டல் செய்யப்பட்டதைவிடக் கிண்டல் பிரபலமாகிவிடுவது மற்ற இலக்கியங்களிலும் நடந்திருக்கிறதா? இந்தப் பிள்ளைகளுக்கு நான் இனி மூலத்தை முதலில் காட்ட வேண்டுமா, பகடியையா?

மல்லேஸ்வரம் ஆசிரியர்:

மேடம், நான் இங்கே ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். லூயிஸ் கரோல் பாடத்துக்கு வரும்போதெல்லாம் இதே கேள்வி எழும்.

அவருடைய சிறுவர் கதை ‘ஆலிஸின் அற்புத உலகம்’ 1865-இல் வந்தது. இரண்டாம் அத்தியாயத்தில் ஆலிஸுக்கு ஒரு சந்தேகம், தான் இன்னும் ஆலிஸ்தானா என்று. சோதித்துப் பார்க்க, மனப்பாடமான ஒரு பாட்டைச் சொல்கிறாள். வாயில் வேறு பாட்டு வருகிறது. முதலை ஒன்று வாலைப் பளபளவென்று ஆக்கிக்கொண்டு, புன்னகைக்கும் தாடையைத் திறந்து குட்டி மீன்களை வரவேற்கிறது. அன்றைய பிள்ளைகளுக்கு மூலப் பாட்டு உடனே பிடிபட்டிருக்கும். ஐசக் வாட்ஸ் 1715-இல் வெளியிட்ட சிறுவர் பாடல்களில் ஒன்று அது. தேனீ ஒரு நொடியும் வீணாக்காமல் உழைக்கிறது, நீயும் சும்மா இருக்காதே என்று புத்தி சொல்லும். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அதை ஒப்பித்துச் சலித்திருந்தார்கள். அந்தச் சலிப்பின் மேல்தான் கரோல் முதலையை ஏற்றி உட்காரவைத்தார். சும்மா இருக்கும் கைகளுக்குச் சாத்தான் வேலை கண்டுபிடிப்பான் என்று ஆங்கிலத்தில் இன்றும் சொல்கிறார்களே, அதுவும் அந்தத் தேனீப் பாட்டில் வரும் வரிதான். சொல்பவர்களில் பலருக்கு வாட்ஸ் யாரென்று தெரியாது.

ஐந்தாம் அத்தியாயத்தில் வரும் வில்லியம் தாத்தாவும் அப்படித்தான். ராபர்ட் சதே 1799-இல் எழுதிய மூலத்தில், இளமையில் ஒழுக்கமாக இருந்ததால் முதுமையில் நிம்மதியாக இருக்கிறேன் என்பார் கிழவர். கரோலின் தாத்தா தலைகீழாக நிற்கிறார், வாத்தை எலும்பும் அலகுமாகத் தின்று தீர்க்கிறார், மூக்கு நுனியில் விலாங்கு மீனை நிறுத்திக் காட்டுகிறார். சதேயை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. 1813 முதல் 1843-இல் இறக்கும்வரை இங்கிலாந்தின் அரசவைக் கவிஞர் அவர். மூன்று கரடிகள் கதையை 1837-இல் அச்சில் கொண்டுவந்தவரும் அவரே. அவர் கதையில் சிறுமி கிடையாது, ஒரு கிழவிதான் கரடிகள் வீட்டுக்குள் நுழைவாள். கரடிகளை உலகமே அறியும், அவர் பெயரை யாரும் சொல்வதில்லை.

உங்கள் பிள்ளைகள் சிரித்ததில் தவறே இல்லை. முதலையைப் போல அந்தக் காட்சியும் சொந்தக் காலில் நிற்கிறது. அப்படி நிற்காத பகடி மூலத்தோடு சேர்ந்தே போய்விடும்.

இந்திராநகர் பட ரசிகன்:

வரிசை முக்கியம் அக்கா. மூலத்தைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்பேன்.

‘ஏர்ப்ளேன்!’ (1980) என்ற அமெரிக்க நகைச்சுவைப் படம் உலகம் முழுக்கத் தெரியும். அதன் மூலம் ‘ஸீரோ அவர்!’ (1957). சாப்பாட்டில் மீன் கெட்டுப்போய் விமானிகளும் பயணிகளும் படுத்துவிடுகிறார்கள். போர் நினைவுகளால் உடைந்துபோன ஒரு பழைய விமானி விமானத்தை இறக்க வேண்டும். பகடி எடுத்த ஜிம் ஏப்ரகாம்ஸும் ஸக்கர் சகோதரர்கள் இருவரும் கதையைத் திருடவில்லை, மூலத்தின் உரிமையைக் காசு கொடுத்து வாங்கினார்கள். நாயகனின் பெயர், பல வசனங்கள், ஏன், தலைப்பில் இருக்கும் ஆச்சரியக்குறிகூட அங்கிருந்து வந்தவை. ராபர்ட் ஸ்டாக், லெஸ்லி நீல்சன் போன்று கனமான வேடங்களில் நடித்துப் பழகியவர்களைப் பிடித்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல் பேசவைத்தார்கள்.

நான் பகடியைப் பார்த்த பிறகுதான் மூலத்தைப் பார்த்தேன். 1957 படம் நிஜமாகவே பதற்றமான படம், உழைத்து எடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு சீரியசான வசனத்துக்கும் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் படத்தை அதன் வழியில் பார்க்கும் வாய்ப்பு எனக்கு இனிமேல் இல்லை. டிவியில் படங்களைக் கிண்டல் செய்த ‘லொள்ளு சபா’ பார்த்து வளர்ந்த எங்கள் செட்டுக்குப் பாதிப் பழைய படங்கள் இப்படித்தான் போயின.

அல்சூர் வாசகி:

இரண்டு பேருக்கும் நன்றி. முதலைப் பாட்டை வீட்டில் சத்தமாகப் படித்துப் பார்த்தேன், அருமை.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. தேனீயின் புத்திமதி மறந்துபோனால் யாருக்கும் நஷ்டமில்லை. கெட்டுப்போன மீனும் அப்படித்தான். ‘கருத்தம்மா’ அந்த வகை இல்லை. அங்கே மறந்துபோவது ஒரு படம் மட்டும் அல்ல, நடந்த ஒன்று. பகடி எடுத்தவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. பார்க்கிற எல்லோருக்கும் மூலம் தெரியும் என்று நம்பித்தான் எடுத்திருக்கிறார்கள், 2010-இல் அது தெரிந்தும் இருந்தது. இப்போது என் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் அதற்கப்புறம் பிறந்தவர்கள். பகடியை ஏற்கெனவே பார்த்தும்விட்டார்கள், வரிசையை நான் இனி மாற்ற முடியாது.

ஜெயநகர் 4ஆவது பிளாக்:

மேடம், வரிசையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபே’ (1817) பேய்மாளிகை நாவல்களைப் பகடி செய்த கதை. அதில் ஒரு பெண் தன் தோழிக்கு ஏழு பயங்கர நாவல்களின் பெயரை அடுக்குவாள். அவை ஆஸ்டின் கற்பனையாக வைத்த பெயர்கள் என்றே ரொம்ப காலம் நம்பினார்கள். இருபதாம் நூற்றாண்டில் ஆராய்ச்சியாளர்கள் தேடிப் பார்த்தால் ஏழும் நிஜமான புத்தகங்கள்! மறுபதிப்பும் வந்தன. பகடியில் பெயர் வந்ததால்தான் தேடவே ஆள் கிடைத்தது. உங்கள் வகுப்புப் பெண் “நிஜமாவே அப்படிப் பண்ணாங்களா” என்று கேட்டதும் அந்தக் காட்சியால்தானே.

சாமராஜ்பேட்டை ரசிகர்:

தமிழிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறதே அக்கா. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரமும் என்.எஸ்.கிருஷ்ணனின் ‘கிந்தனார்’ காலட்சேபமும்.

பாரதியாரின் நந்தன், தீண்டாமையால் கோயிலுக்குள் போக முடியாத பண்ணையாள், சிதம்பரம் போக ஏங்குகிறான். நாற்பது வேலி அறுவடையை முடித்துவிட்டுப் போ என்கிறார் பண்ணைக்கார வேதியர். பெரியபுராணத்தில் அந்த வேதியர் கிடையாது, பாரதியார் சேர்த்தவர். கடைசியில் நந்தன் தீயில் இறங்கித்தான் கோயிலுக்குள் போக முடிகிறது. கலைவாணர் அதே காலட்சேப உருவத்தை, அதே பாவனைகளோடு எடுத்துக்கொண்டார். ‘நல்லதம்பி’ (1949) படத்தில் அது வருகிறது, கதை அண்ணாதுரை. கிந்தன் ஏங்குவது கோயிலுக்காக அல்ல, படிப்புக்காக. பட்டணம் போய்ப் படித்து ஆளாகிறான். தீயில் இறங்க வேண்டியதில்லை. உருவத்தில் கிண்டல் இருக்கிறது. கேள்வியோ மூலத்தைவிடக் கனமானது: ஏன் ஒருவன் எரிந்துதான் உள்ளே வர வேண்டும்? இதைவிட மரியாதையாக ஒரு படைப்போடு சண்டை போட முடியாது என்று நினைக்கிறேன்.

இதில் கிந்தனார் நந்தனாரை அழிக்கவில்லை. ராமநவமிக்கு இங்கே கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் உட்கார்ந்து, மாஞ்சி ராகத்தில் ‘வருகலாமோ’ கேட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். பாடிக்கொண்டே இருப்பதால் மூலம் சாகவில்லை. ஆசிரியர் சார் சொன்ன அதே ‘ஆலிஸ்’ புத்தகத்தில் ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ பாட்டையும் கரோல் வௌவால் பாட்டாக மாற்றியிருக்கிறார். ஆனால் ஜேன் டெய்லர் 1806-இல் எழுதிய அந்த நட்சத்திரத்தை வௌவாலால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எல்லா வீட்டிலும் பாடுகிறார்கள்.

அதனால் என் யோசனை, படத்தில் தொடங்காதீர்கள். பாட்டில் தொடங்குங்கள். ஸ்வர்ணலதா பாடிய ‘போறாளே பொன்னுத்தாயி’. அவருக்குத் தேசிய விருது வாங்கித் தந்த பாட்டு, ரஹ்மான் இசை. அதைக் கேட்கும்போது சினிமாப்பட்டி யாருக்கும் நினைவுக்கு வராது. படத்தை எட்டாவது பிள்ளைகளுக்கு முழுதாகக் காட்டுவதற்கு முன் நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள், பெற்றோரிடமும் சொல்லிவிடுங்கள்.

அல்சூர் வாசகி:

பாட்டு என்பது எனக்குத் தோன்றவே இல்லை, மிக்க நன்றி. இந்தச் சனிக்கிழமை பாட்டு மட்டும். அடுத்த வாரம் நந்தனையும் கிந்தனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கவைக்கலாம் என்று இருக்கிறேன், இரண்டுமே வாய்விட்டுப் படிக்கத் தோதானவை. கிந்தனார் காலட்சேபத்தின் முழு வரிகள் அச்சில் யாரிடமாவது இருக்கிறதா? நானும் இங்கே ஏரிக்கரைத் தமிழ்ச் சங்க நூலகத்தில் போய்த் தேடுகிறேன்.