விரால் பேரை போட்டு தேடினா 1793-ல வந்த பக்கம் வரமாட்டேங்குது, மீன் லிஸ்ட்டையும் பழைய புத்தகத்தையும் எப்படி இணைக்கிறது?

ஏரிக்கரை:
வணக்கம் எல்லாருக்கும். நாங்க அஞ்சாறு பேர் சேர்ந்து எங்க மாவட்டத்து ஏரி, ஆத்து மீனுக்கெல்லாம் ஒரு லிஸ்ட் போட்டுட்டு இருக்கோம். தமிழ்ப் பேரு, அறிவியல் பேரு, எந்த ஏரியில பார்த்தோம், போட்டோ எல்லாம் ஏத்தியாச்சு. இப்ப ஒவ்வொரு மீனையும் முதல்ல யாரு விவரிச்சாங்களோ அந்தப் பக்கத்துக்கே ஒரு லிங்க் குடுக்கணும், ஸ்கூல் பசங்க கிளிக் பண்ணா அந்தப் பழைய பக்கமே திறக்கணும்னு ஆசை. பழைய உயிரியல் புத்தகங்களை ஸ்கேன் பண்ணி நெட்ல வெச்சிருக்கிற பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரில விராலோட அறிவியல் பேரான சன்னா ஸ்ட்ரையாட்டான்னு தேடினா பக்கம் பக்கமா வருது, ஆனா எங்க லிஸ்ட்ல இருக்கிற "(ப்ளோக், 1793)" மட்டும் வரல. முன்னாடி ஒரு தளத்துல கிடந்த பிடிஎஃப்களுக்கு லிங்க் குடுத்து வெச்சிருந்தோம், அவங்க தளத்தை மாத்தினதும் ஒண்ணு விடாம செத்துப்போச்சு. மறுபடி அந்த வேலையை முதல்லேருந்து செய்ய தெம்பு இல்ல, ஒரே தடவை சரியா செய்யணும். வழி சொல்லுங்க.

பழந்தாள்:
உங்க பதில் அந்த அடைப்புக்குறியிலயே இருக்கு. விலங்குகள்ல பேரு வெச்சவரோட பேரும் வருஷமும் அடைப்புக்குறிக்குள்ள இருந்தா, அவர் முதல்ல வேற பேரினத்துல (ஜீனஸ், அறிவியல் பேரோட முதல் சொல்) வெச்சார், அப்புறம் மாத்திட்டாங்கன்னு அர்த்தம். ப்ளோக் 1793-ல விராலுக்கு வெச்ச பேரு ஒஃபிசெஃபாலஸ் ஸ்ட்ரையாட்டஸ். அந்தப் பக்கத்துல சன்னாங்கிற வார்த்தையே கிடையாது, அப்புறம் எப்படி வரும். இன்னொண்ணு, பிரான்சிஸ் டே 1870கள்ல இந்திய மீன்களைப் பத்தி எழுதின புத்தகத்துல பார்த்தீங்கன்னா ஒஃபியோசெஃபாலஸ்னு நடுவுல ஒரு ஓ சேர்ந்திருக்கும், ஆக ஒரே மீனுக்கு மூணு எழுத்து வடிவம் ஆச்சு, கடைசி எழுத்தும் பேரினத்தோட பாலினத்தைப் பொறுத்து ஸ்ட்ரையாட்டஸ், ஸ்ட்ரையாட்டானு மாறும். அதனால உங்க ஷீட்ல முதல்ல வெச்ச பேருன்னு தனியா ஒரு காலம் (நெடுவரிசை) போடுங்க, தேடறதை அதை வெச்சு தேடுங்க. கலிபோர்னியா அகாடமி நடத்துற எஷ்மேயர் மீன் கேட்டலாக்ல ஒவ்வொரு மீனுக்கும் முதல் பேரு, புத்தகம், பக்க எண் எல்லாம் சுத்தமா இருக்கும், நான் முதல்ல அங்க போய்ட்டுத்தான் அடுத்த இடம் போவேன்.

மெட்டாடேட்டா மணி:
மேல சொன்னது சரி, ஆனா பக்க எண் கிடைச்சா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க, அங்கதான் நான் ரொம்ப நாள் அலைஞ்சேன். ஸ்கேன்ல 120வது படம்ங்கிறது புத்தகத்துல 120ஆம் பக்கம் இல்ல, முன்னுரை, படத்தாள் எல்லாம் சேர்ந்து எண்ணிக்கை தள்ளிப் போகும், பழைய இதழ்கள்ல ரெண்டு மூணு பாகத்தை ஒண்ணா பைண்ட் பண்ணியிருப்பாங்க, ஒரே ஸ்கேன்ல ரெண்டு 1ஆம் பக்கம் இருக்கும். குவியே, வாலென்சியன் ரெண்டு பேரும் எழுதின மீன் தொகுதிகள் இன்னும் மோசம், அதுக்கு ஸ்ட்ராஸ்பர்க்ல அச்சான ஒரு ஆடம்பரப் பதிப்பும் உண்டு, ரெண்டுலயும் பக்க எண் வேற வேற. வாலுக்கிட்ட கருப்புப் புள்ளி இருக்கிற நம்ம கெண்டை இருக்கே, இப்ப டாக்கின்சியா ஃபிலமென்டோசா, அதை வாலென்சியன் 1844-ல லூசிஸ்கஸ்னு விவரிச்சது 17ஆம் தொகுதியில, எந்தப் பதிப்போட பக்கம்னு பார்க்காம லிங்க் குடுத்தா வேற ஏதோ மீன்ல போய் நிக்கும். டேவோட புத்தகமும் அப்படித்தான், 1875லேருந்து 1878 வரைக்கும் பகுதி பகுதியா வந்துச்சு, எழுத்து ஒரு தொகுதி, படங்கள் தனித் தொகுதி, அதனால மீனுக்கு ரெண்டு லிங்க் வேணும். தலைப்புப் பக்கத்து வருஷத்தையே எல்லா மீனுக்கும் போட்டுறாதீங்க.

லிங்க்னு வரும்போது அந்த லைப்ரரில ஒவ்வொரு பக்கத்துக்கும் மாறாத ஒரு எண் இருக்கு. முழு முகவரியை சேமிக்காதீங்க, எண்ணை மட்டும் ஒரு காலத்துல வைங்க, முகவரியை அதுலேருந்து ஃபார்முலா போட்டு உருவாக்கிக்கலாம், நாளைக்கு முகவரி மாறினாலும் ஒரே இடத்துல திருத்தினா போதும்.

ஏரிக்கரை:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். நேத்து ராத்திரி உக்காந்து டே புத்தகத்துல விரால் பக்கத்தை பிடிச்சுட்டேன். அதுல அவர் ஊர்ப் பேரையும் மொழி வாரியா போட்டிருக்கார், தமிழ்ப் பேரும் இங்கிலீஷ் எழுத்துல இருக்கு. எங்க ஏரியில வலை போடுற பெரியவர்கிட்ட படிச்சுக் காட்டினேன், அவர் திரும்பத் திரும்ப சொல்லச் சொல்லி கேட்டார். ஆனா அந்த வார்த்தையை தளத்துல தேடினா வரமாட்டேங்குது, அறிவியல் பேரை மட்டும்தான் பக்கத்தோட கோர்த்து வெச்சிருக்காங்க போல?

தாமரைக்குளம்:
ஆமா, பேரு கண்டுபிடிக்கிற மென்பொருள் லத்தீன் பேரை மட்டும்தான் பொறுக்கும், அதுவும் ஸ்கேன் படத்தை எழுத்தா மாத்துற எழுத்துணரி படிச்சது சரியா இருந்தாத்தான். 1800க்கு முன்னாடி அச்சான புத்தகங்கள்ல எஸ் எழுத்து நீளமா எஃப் மாதிரியே இருக்கும், மெஷின் ஸ்ட்ரையாட்டஸை ஃப்ட்ரையாட்டஸ்னு படிக்கும், பக்கம் அங்கேயேதான் இருக்கும் ஆனா தேடினா வராது. அந்த மாதிரி இடத்துல பக்கத்தை கையால புரட்டித்தான் ஆகணும். ஒரு வேண்டுகோள், அப்படி கஷ்டப்பட்டு கண்டுபிடிச்ச எண்ணை உங்க ஷீட்டோட நிறுத்திடாதீங்க, யார் வேணா தகவல் சேர்க்கக்கூடிய பொதுத் தரவுத்தளமான விக்கிடேட்டாவுல அந்த லைப்ரரி பக்க எண்ணுக்குன்னே பி687ன்னு ஒரு பண்பு இருக்கு, அதுல ஏத்துனா அடுத்து வர்றவங்களுக்கு கிடைக்கும்.

மட்டக்களப்பான்:
நான் இலங்கையிலயிருந்து எழுதுறன். டாக்கின்சியா பற்றிச் சொன்னீங்கள், அந்தப் பேரினத்தை 2012ல வச்சதே எங்கட நாட்டு ஆய்வாளர்கள்தான். ஒரு விசயத்தில கவனமா இருங்கோ. டே 1889ல எழுதின மீன் தொகுதிகள் இலங்கையையும் சேர்த்த வரிசையில வந்தவை. எங்கட மீனையும் அந்தக் காலத்தில ஃபிலமென்டோசஸ் எண்டுதான் எழுதினவை, இப்ப அது சிங்களா எண்டு வேற இனம். பேர் பொருந்துது எண்டு பழைய பக்கம் எல்லாத்தையும் ஒரு மீனோட கட்டிப்போட்டா ரெண்டு மீனிண்ட கதையும் கலந்துபோகும். எந்த ஊரில பிடிச்ச மீனைப் பற்றி அந்தப் பக்கம் பேசுது எண்டு வாசிச்சுப் பாத்துட்டு இணையுங்கோ.

ஏரிக்கரை:
இது நாங்க யோசிக்கவே இல்ல அண்ணா, நன்றி. இப்ப முதல் பேரு, பக்க எண், பிடிச்ச ஊரு, டே எழுதின தமிழ்ப் பேரு நாலுக்கும் தனித்தனி காலம் போட்டுட்டேன். விரால் முடிஞ்சுது, அடுத்து குறவை. இந்த ஞாயித்துக்கிழமை பெரியவரையும் பக்கத்துல உக்கார வெச்சுட்டு டேவோட தமிழ்ப் பேரை ஒவ்வொண்ணா வாசிக்கப் போறோம், அவருக்கு தெரியாத பேரு வந்தா அதை இங்க வந்து கேக்கறேன்.