புதுப்பிப்பு: அம்மாவுடன் ஸ்பிதி போய் வந்தோம்

அம்மாவோடு இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி மலைப்பள்ளத்தாக்குக்குப் போக மணாலி வழி நல்லதா, சிம்லா வழியா என்று முன்பு கேட்டிருந்தேன். சிம்லா வழியைச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. மணாலியிலிருந்து போனால் 4,500 மீட்டருக்கும் மேலுள்ள குன்சும் கணவாயை ஒரே மூச்சில் கடக்க வேண்டும். சிம்லாவிலிருந்து கின்னௌர் மாவட்டம் வழியாகப் போனால் உயரம் மெல்ல மெல்லத்தான் கூடுகிறது. ஸ்பிதியின் முக்கிய ஊரான காசாவில் அம்மாவுக்கு லேசாகத் தலைவலித்தது. ஒரு நாள் ஓய்வெடுத்ததும் சரியாகிவிட்டது.

அப்புறம் தாபோ. கி.பி. 996-இல் எழுந்த பௌத்த மடம். வெளியே வெறும் மண்சுவர்தான், ஏமாந்துவிடாதீர்கள். உள்ளே ஒரே இருட்டு. கண் பழகப் பழக, சுவரிலிருந்து 30-க்கும் மேற்பட்ட சுதைச் சிற்பங்கள் ஒவ்வொன்றாக வெளிப்படுகின்றன. நடுவில் நான்கு திசையும் நோக்கும் வைரோசன புத்தர். அம்மா கைகூப்பியபடி அப்படியே நின்றுவிட்டார். உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. அதுவும் நல்லதுதான், கண்ணால் பார்த்தோம்.

கீ மடத்துக்கும் போனோம், கூட்டம் அதிகம். நேரம் குறைவென்றால் தாபோவுக்கே கூடுதலாக ஒரு நாள் வையுங்கள். சின்ன டார்ச் ஒன்றை மறக்காதீர்கள்.