ஜவுளிக்கடை பில்லிங்கிலிருந்து அக்கவுண்ட்ஸ் வேலைக்கு: எங்கே ஆரம்பிப்பது?

பவானிக்காரன்:
வணக்கம். 2022-ல் பி.காம் முடித்தேன். அதிலிருந்து ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பில்லிங் கவுண்டரில் இருக்கிறேன். சம்பளம் 13 ஆயிரம், நாள் முழுக்க நின்றபடி வேலை. கணக்கு எழுதும் மென்பொருளான டேலியில் சர்டிபிகேட் இருக்கிறது. திருப்பூரிலோ கோவையிலோ அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட்டாகப் போக வேண்டும் என்று ஆசை. நௌக்ரி வேலைத் தளத்தில் கண்ணில் பட்டதற்கெல்லாம் அப்ளை பண்ணியாயிற்று. போன் வருகிறது, ஆனால் எல்லாம் இன்சூரன்ஸ் விற்கச் சொல்லும் ஆட்கள்தான். பேசாமல் கடை வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகத் தேடலாமா? அக்கவுண்ட்ஸில் இருப்பவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

கொடுமுடி குமாரு:
வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள் தம்பி. கையில் சம்பளம் இல்லாதவனை இன்டர்வியூவில் பார்த்தாலே தெரிந்துவிடும், அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள். தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்தில் பதிந்து வையுங்கள், காசு கிடையாது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் வெள்ளிக்கிழமைகளில் சின்னச் சின்ன முகாம்கள் நடக்கும், விசாரித்துப் பாருங்கள். வேலை வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டு என்று எவன் சொன்னாலும் போனை வையுங்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடித்துச் சொல்லுங்கள்.

லெட்ஜர் அக்கா:
தம்பி, நான் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். எங்களுக்கு ஆள் எடுக்கும்போது ரெஸ்யூம்களைப் பிரிப்பது என் மேஜையில்தான். அங்கிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்று சொல்கிறேன்.

எடுத்ததுமே 'சவாலான பணிச்சூழலில் என் திறமையை வளர்த்துக்கொள்ள' என்று எல்லோரும் ஒரே வரியை எழுதியிருப்பார்கள். அப்புறம் அப்பா பெயர், மதம், பொழுதுபோக்கு, கீழே உறுதிமொழி. பக்கம் முடிந்துவிடும், இந்தப் பையனுக்கு என்ன வேலை தெரியும் என்பது மட்டும் இருக்காது. நீங்களும் 'பில்லிங் ஸ்டாஃப்' என்று ஒரே வரியில் முடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். யோசித்துப் பாருங்கள். ராத்திரி கடை சாத்தும்போது கல்லாவை எண்ணி பில்லோடு டேலி பண்ணுவது யார்? கார்டு, ஜிபே பணம் மறுநாள் பேங்கில் ஏறியதா என்று பார்ப்பது யார்? துணி திரும்பி வந்தால் ரிட்டர்ன் பில் போடுவது? இதில் நீங்கள் செய்வதையெல்லாம் வரி வரியாக எழுதுங்கள். எங்கள் பக்கம் இதற்குப் பெயர் கேஷ் குளோசிங், பேங்க் ரீகன்சிலியேஷன், கிரெடிட் நோட். செய்யாததை எழுதாதீர்கள், இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொன்று. கடையில் பர்ச்சேஸ் பில் என்ட்ரி யார் போடுகிறார்களோ, அவரிடம் போய் உட்காருங்கள். தீபாவளி கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து அரை மணி நேரம் கேட்டால் சொல்லித் தருவார். நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இதுதான்: 'சப்ளையர் பில் கையில் இருக்கிறது, ஆனால் 2பி-யில் வரவில்லை. என்ன செய்வீங்க?' 2பி என்பது சப்ளையர்கள் காட்டிய விற்பனையை வைத்து ஜிஎஸ்டி தளம் நமக்குக் காட்டும் கொள்முதல் பட்டியல். டேலி சர்டிபிகேட் வைத்திருக்கும் பாதிப் பேர் முழிப்பார்கள். பதில் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சப்ளையர் தன் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 போடாமல் விட்டிருப்பார், இல்லையென்றால் நம் ஜிஎஸ்டி நம்பரைத் தப்பாக அடித்திருப்பார். போன் போட்டுக் கேட்க வேண்டும், 2பி-யில் அது வரும் வரை அந்தப் பில்லின் ஜிஎஸ்டியை நாம் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளக் கூடாது. இதைச் சொல்லும் ஆளிடம் நான் சர்டிபிகேட்டே கேட்பதில்லை.

இப்போது எங்கே தேடுவது. திருப்பூரில் இந்த மாதிரி வேலை பாதிக்கு மேல் நௌக்ரிக்கு வருவதே இல்லை. முதலாளிக்கு ஆள் வேண்டுமென்றால் அவர் முதலில் போன் போடுவது ஆடிட்டருக்கு: 'சார், நல்ல பையனா ஒருத்தன் இருந்தா சொல்லுங்க.' அடுத்தது டேலி விற்று சர்வீஸ் செய்யும் ஆட்கள், அவர்கள் எல்லாக் கம்பெனிக்கும் போய் வருபவர்கள். அதனால் ரெஸ்யூமைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு ஆடிட்டர் ஆபீஸ்களுக்கு நேரில் போங்கள். ஆனால் தேதி பார்த்துப் போங்கள். மாதம் 11-ந் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ந் தேதி வரி கட்டும் 3பி, இரண்டுக்கும் அதுதான் கடைசி நாள். அந்த நாட்களை ஒட்டிப் போனால் வாசலிலேயே 'அப்புறம் வாப்பா' என்பார்கள். 21-க்கு மேல் போனால் உட்கார வைத்துப் பேசுவார்கள். செப்டம்பரில் போகவே வேண்டாம், ஆடிட் ரிப்போர்ட் அவசரத்தில் எல்லோரும் எரிந்து விழுவார்கள்.

நேரில் போக லீவு ஏது என்று நினைப்பீர்கள். ஆனால் ஜவுளிக்கடையில் ஞாயிறு வேலை இருக்கும், வார விடுமுறை நடு வாரத்தில்தானே வரும்? கம்பெனிகள் திறந்திருக்கும் நாளில் உங்களுக்கு லீவு. ஞாயிறு மட்டும் லீவு உள்ளவனுக்கு இந்த வசதி கிடையாது.

நௌக்ரியை விட வேண்டாம். இருக்கும் ஊர், விரும்பும் ஊர் இரண்டையும் சரியாகப் போடுங்கள், தலைப்பு வரியில் 'அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட், டேலி பிரைம், ஜிஎஸ்டி' என்று எழுதுங்கள். கண்டதற்கெல்லாம் அப்ளை பண்ணுவதை நிறுத்துங்கள். 'ஃபைனான்ஸ் எக்சிக்யூட்டிவ்' என்று போட்டிருப்பதில் பாதி சேல்ஸ்தான், இன்சூரன்ஸ்காரர்கள் உங்களைப் பிடிப்பது அப்படித்தான்.

பவானிக்காரன்:
ரொம்ப நன்றி அக்கா. எனக்குச் செவ்வாய்க்கிழமை லீவு, இப்படி யோசித்ததே இல்லை. பர்ச்சேஸ் என்ட்ரி போடும் அண்ணன் பழக்கம்தான், கேட்டுப் பார்க்கிறேன். ஒரே சந்தேகம்: ஆடிட்டர் ஆபீஸிலேயே 'இங்கேயே சேர்ந்துகொள்' என்றால் சேரலாமா? சம்பளம் குறைவு என்கிறார்களே.

கொடுமுடி குமாரு:
குறைவுதான். என் மச்சான் 9 ஆயிரத்துக்குச் சேர்ந்தான்.

லெட்ஜர் அக்கா:
குமாரு சொல்வது நிஜம். ஆனால் அங்கே ஒரு வருஷத்தில் நூல் கடை, சாயப்பட்டறை, ஹோட்டல் என்று பத்து விதமான கணக்கு கையில் புழங்கும். கம்பெனியில் எங்களுக்கு ஒரே கணக்குதான். சம்பளம் 13 ஆயிரத்திலிருந்து குறைந்தால் வீட்டில் சமாளிக்க முடியுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். முடியாது என்றால் நேராகக் கம்பெனிக்கே பாருங்கள், அதில் தப்பில்லை.

கம்பெனியில் சம்பளம் பேசும்போது 'கையில் எவ்வளவு வரும்' என்று கேளுங்கள். 16 ஆயிரம் என்று சொல்லிவிட்டு, அதிலேயே கம்பெனி கட்டும் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பங்கையும் சேர்த்துக் கணக்குக் காட்டுவார்கள். 20 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் பிஎஃப் கட்டாயம், 21 ஆயிரம் சம்பளம் வரை இஎஸ்ஐ மருத்துவக் காப்பீடு உண்டு. பிஎஃப் எல்லாம் பிறகு பார்க்கலாம் என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

அப்புறம், ஈரோட்டிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகும் திட்டமா? அப்படியென்றால் சனிக்கிழமை எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். இங்கே தொழிலாளர்களுக்கு வாரச் சம்பளம் போடும் நாள் அது. கவர் பிரித்துக் கொடுத்து முடிக்காமல் அக்கவுண்ட்ஸ் ஆள் கிளம்ப முடியாது.